அசைன்மென்ட்டுக்குச் சதவீதச் சான்று கேட்காதீர்கள்

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுத் தலைவர்களுக்கும், கல்விப் பேரவை உறுப்பினர்களுக்கும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும்:

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். இந்தப் பருவத் தொடக்கத்தில் எங்கள் கல்லூரிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர் கொடுக்கும் ஒவ்வொரு அசைன்மென்ட்டோடும், அது ஏஐ எழுதியதல்ல என்று காட்டும் சோதனை அறிக்கையை இணைக்க வேண்டும். அந்த அறிக்கையில் ஏஐ அளவு 10 சதவீதத்துக்கு மேல் போனால் மதிப்பெண் கிடையாது. பாட ஆசிரியர் சரிபார்த்துக் கையொப்பம் இட வேண்டும். அரைப் பக்கத்தில் விஷயம் முடிந்துவிட்டது. எந்தத் தளத்தில் சோதிப்பது, அந்தத் தளத்துக்குத் தமிழ் தெரியுமா, அது தப்பாகச் சொன்னால் பிள்ளை யாரிடம் போய் முறையிடுவது என்பதெல்லாம் அதில் இல்லை. மற்ற பல்கலைக்கழகங்களிலும் இதே பேச்சு நடப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பகுதி 1 தமிழ் எடுக்கிறேன். வணிகவியல், கணிதம், கணினி அறிவியல், பொருளியல் என்று எல்லாத் துறைப் பிள்ளைகளும் முதல் இரண்டு ஆண்டு என் வகுப்புக்கு வருவார்கள். ஒரு வகுப்புக்கு அறுபது பேர். அவர்கள் தரும் அசைன்மென்ட் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். நீங்களும் எழுதி வந்தவர்கள்தானே. ஏ4 தாள், நான்கு பக்கமும் ஸ்கெட்ச் பேனாவில் பார்டர், தலைப்பு மட்டும் பச்சையிலோ நீலத்திலோ, மூலையில் ஒரு ஸ்டேப்ளர் முள். முழுக்கக் கையெழுத்து. கையால் எழுதிய தாளை எந்தத் தளத்தில் போட்டுச் சதவீதம் பார்ப்பது என்று ஆசிரியர் அறையில் நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடை வழி கண்டுபிடித்துவிட்டது. தாளைக் கொடுத்தால் டைப் செய்து, ஏதோ ஓர் இலவசத் தளத்தில் போட்டு, வருகிற எண்ணைக் கலரில் பிரிண்ட் எடுத்துத் தருகிறார்கள். எண் கூடுதலாக வந்தால், "குறைச்சுத் தரணுமா தம்பி?" என்று கேட்கிறார்கள். அதற்குத் தனி ரேட். குறைப்பதற்கென்றே வேறு ஏஐ தளங்கள் இருக்கின்றன. இயந்திரத்தின் எழுத்தை மனித எழுத்துபோலக் கலைத்துப் போட்டுத் தருவது அவற்றின் வேலை. ஆகச் சுற்றறிக்கை வந்த பிறகு நடந்தது இதுதான்: தானே எழுதிய பிள்ளையும் காசு கொடுத்துச் சான்று வாங்குகிறான், எழுதாதவன் இன்னும் கொஞ்சம் கூடக் காசு கொடுத்து இன்னும் நல்ல சான்று வாங்குகிறான்.

இந்தக் கருவிகள் எழுதியவர் யார் என்று பார்ப்பதில்லை. ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது, வாக்கியங்கள் நீண்டும் குறுகியும் போகின்றனவா இல்லை ஒரே சீராக ஓடுகின்றனவா என்பதைப் பார்க்கின்றன. ஊகிக்க எளிது, சீராகவும் இருக்கிறது என்றால் இயந்திரம் என்கின்றன. மொத்தமும் ஊகம்தான். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியையும் வெளியிட்டது. அவர்களே சொன்ன கணக்குப்படி, இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் கணக்கில் சேர்த்தது. அந்த ஆண்டு ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். பெற்ற தாய்க்கே தன் பிள்ளையை அடையாளம் சொல்ல முடியவில்லை. வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லிவிடுவாரா?

அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில், கருத்துத் திருட்டைச் சோதிக்கும் டர்னிடின் மென்பொருளில் இருக்கும் ஏஐ கண்டறியும் வசதியை நிறுத்தியது. அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. 2022-இல் அவர்கள் அந்த மென்பொருளுக்கு அனுப்பிய கட்டுரைகள் 75,000. நிறுவனம் சொல்லும் 1 சதவீதத் தவறை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், சுமார் 750 கட்டுரைகள் மீது வீண் பழி விழும். காசு கொடுத்து வாங்கிய, உலகமெங்கும் பயன்படும் கருவியின் கதை இது. அந்த டர்னிடினின் ஏஐ கண்டறியும் வசதி முதலில் ஆங்கிலத்துக்கு வந்தது; பிறகு ஸ்பானிய மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் வந்தது. தமிழ் அந்த வரிசையில் இல்லை. அப்படியிருக்க, எங்கள் பிள்ளைகள் எழுதும் சங்க இலக்கிய அசைன்மென்ட்டுக்கு ஓர் இலவசத் தளம் '37 சதவீதம் ஏஐ' என்று சொன்னால், அந்த 37 எங்கிருந்து வந்தது? நான் அதற்குக் கையொப்பம் இட வேண்டும் என்கிறீர்கள்.

10 சதவீதம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு புரிகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளில் அந்த எண் இருக்கிறது. 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை, 40 வரை ஒரு நிலை, 60 வரை அடுத்தது, அதற்கு மேல் போனால் பதிவே ரத்தாகும் நிலை. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு நாமெல்லாம் பார்த்துப் பழகிய கணக்கு. அந்த 10-ஐ எடுத்து இங்கே ஒட்டிவிட்டார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒப்புமைச் சோதனையில் எந்த வரி, எந்த நூலிலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அருகிலேயே காட்டுவார்கள். தப்பு என்றால் நான் அந்த நூலை எடுத்து வைத்து மறுக்கலாம். 'இது மேற்கோள் ஐயா' என்று சொல்லலாம். ஏஐ சதவீதத்தில் எதைக் காட்டி மறுப்பது? மூலம் என்று ஒன்று இல்லை. குற்றச்சாட்டு மட்டும் இருக்கிறது, சாட்சி இல்லை.

அரியானாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சட்ட மேற்படிப்பு மாணவர் ஒருவரை, அவர் விடை ஏஐ எழுதியது என்று சொல்லி ஒரு தாளில் தோல்வியடையச் செய்தார்கள். அவர் 2024-இல் பஞ்சாப் அரியானா உயர்நீதிமன்றத்துக்குப் போனார். பல்கலைக்கழகம் முடிவை மாற்றிக்கொண்டு அவரைத் தேர்ச்சி பெற்றவராக அறிவித்ததும் வழக்கு முடிந்தது. அவர் சட்டம் படித்தவர், போனார். என் வகுப்பில் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகள்தான் அதிகம். 'ஏஐ' என்று தாளில் சிவப்பு மையால் எழுதிவிட்டால், அவர்கள் தலை குனிந்துகொண்டு வெளியே போய்விடுவார்கள். அதோடு சரி.

அடி அதிகம் விழப்போவதும் அவர்களுக்குத்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை 7 கண்டறியும் கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளுக்கு 'இயந்திரம்' என்ற முத்திரை விழுந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளோ கிட்டத்தட்ட எல்லாமே தப்பித்துக்கொண்டன. காரணம் மேலே சொன்னதுதான். கொஞ்சம் சொற்களை வைத்துக்கொண்டு, கற்ற வாக்கிய அமைப்பை விட்டு விலகாமல், பயந்து பயந்து எழுதுபவரின் ஆங்கிலம் ஊகிக்க எளிதாக இருக்கும். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்த பிள்ளை எழுதும் ஆங்கிலக் கட்டுரை எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். 'இன் திஸ் மாடர்ன் வேர்ல்டு' என்றுதான் தொடங்கும். கைடில் இருந்து, ஆசிரியரிடமிருந்து, மனப்பாடம் செய்து கற்ற ஆங்கிலம் அது. சொந்தமாக எழுதினாலும் அந்தச் சாயல் போகாது. நகரத்துக் கான்வென்ட்டில் படித்து வந்தவன் இயந்திரத்தையே எழுதவைத்துக் கொஞ்சம் கலைத்துவிட்டால் தப்பிப்பான். இவன் உட்கார்ந்து எழுதி மாட்டிக்கொள்வான்.

சக ஆசிரியர் ஒருவர், சுற்றறிக்கையின் இரண்டாம் பத்தியையே அந்தத் தளத்தில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த எண்ணை நம்பக் கூடாது என்பதுதானே என் வாதமே.

இதையெல்லாம் படித்துவிட்டு, பிள்ளைகள் யாரும் ஏஐ பயன்படுத்துவதில்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பயன்படுத்துகிறார்கள். ஏராளமாக. கண்டுபிடிக்கக் கருவியும் தேவையில்லை. போன பருவத்தில் ஒரு பையன் குறுந்தொகை பற்றி ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தான். அழகான கையெழுத்து, சிவப்புப் பார்டர். கடைசி வரி இப்படி இருந்தது: 'நீங்கள் விரும்பினால், இதை 5 மதிப்பெண் விடையாகச் சுருக்கித் தருகிறேன்.' கைபேசியைப் பார்த்துக்கொண்டே அதையும் சேர்த்து எழுதி, கீழே 'முற்றும்' என்றும் போட்டிருந்தான். ஆசிரியர் அறையில் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு போனபின் மிச்சமிருப்பது வேறு: ஐந்து பக்கம் கையால் எழுதிய ஒருவன், எழுதிய எதையும் படிக்கவில்லை. அவன் கைதான் படிப்பாளியாக இருந்திருக்கிறது.

மொழியும் காட்டிக்கொடுக்கிறது. அறுபது தாளில் நாற்பதில் 'முக்கியப் பங்கு வகிக்கிறது' வருகிறது. 'இது வெறும் காதல் பாடல் மட்டுமல்ல' என்று தொடங்கி, அடுத்த அரை வாக்கியத்தில் 'வாழ்வியல் பெட்டகம்' ஆகிவிடுகிறது. அகம், புறம், பக்தி, புதுக்கவிதை, எதுவானாலும் முடிவில் 'இன்றைய தலைமுறைக்கும் பொருந்தும்' என்று வாழ்த்தி அனுப்பிவிடுகிறது. படிக்கிற எனக்குச் சலிக்கிறது. ஆனால் சலிப்பை ஆதாரமாக வைத்து மதிப்பெண்ணைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை. நாங்கள் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிப் போட்ட தமிழும் இதற்குத் தூரத்து உறவுதான்.

இன்னொன்றையும் மனம்விட்டுப் பேசிவிடலாம். அசைன்மென்ட் என்ற ஏற்பாடு ஏஐ வந்து கெட்டுப்போனதல்ல. அதற்கு முன்பே சீனியரின் தாளை வாங்கிப் பார்த்து எழுதுவது இருந்தது. தோழி ஒருத்தி எழுதினால் பெஞ்ச் முழுக்க அதே அசைன்மென்ட் வரும். இறுதியாண்டு புராஜெக்ட்டை முழுதாக விலைக்கு விற்கும் புராஜெக்ட் சென்டர்கள் ஊருக்கு ஊர் உண்டு, போர்டு வைத்தே நடத்துகிறார்கள். 25 மதிப்பெண் அகமதிப்பீட்டில் அசைன்மென்ட்டுக்கு எங்களிடம் ஐந்து. அந்த ஐந்துக்காகக் கட்டுக் கட்டாகத் தாள் வாங்கி, புரட்டிப் பார்த்து, 'குட்' போட்டு, தரமதிப்பீட்டுக் குழு வரும்போது காட்ட பீரோவில் அடுக்கிவைக்கிறோம். யாரும் முழுதாகப் படிக்காத தாளை யாரும் முழு மனதோடு எழுதப் போவதில்லை. இயந்திரம் அந்தப் பொய்யை மலிவாக்கியது, அவ்வளவுதான்.

தடை போட்டுப் பார்க்கலாமே என்று கல்லூரிக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். 2025 ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி புரோ என்ற ஏஐ சேவையை ஓர் ஆண்டுக்கு இலவசமாகக் கொடுத்தது. அக்டோபர் கடைசியில் ஜியோ, கூகுளின் ஏஐயான ஜெமினி புரோவை 18 மாதம் இலவசம் என்று அறிவித்தது; முதலில் யாருக்கு என்றால் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு. அதாவது, துல்லியமாக என் வகுப்புக்கு. நவம்பரில் ஓப்பன்ஏஐ தன் 'சாட்ஜிபிடி கோ' சேவையை இந்தியாவில் ஓர் ஆண்டுக்கு இலவசமாக்கியது. ரீசார்ஜ் செய்தாலே கையில் வந்து உட்காரும் பொருளுக்கு நோட்டீஸ் போர்டில் தடை ஒட்டுவதில் என்ன பயன்? நியூயார்க் நகரப் பள்ளித் துறை 2023 ஜனவரியில் சாட்ஜிபிடிக்குத் தடை போட்டது. மே மாதமே விலக்கிக்கொண்டது. இந்த இலவசக் காலமெல்லாம் முடியும்போது பிள்ளைகள் பழக்கத்தில் ஊறியிருப்பார்கள், அப்போது விலை வரும். அது தனிக் கவலை. அதற்கு நீங்களும் நானும் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

தடை வேண்டாம் என்று நான் நினைப்பதற்கு நல்ல காரணமும் ஒன்று உண்டு. பி.காம். முதலாண்டில் ஒரு பெண், பள்ளியில் முழுக்கத் தமிழ்வழி. கல்லூரியில் கணக்குப்பதிவியல் பாடநூல் ஆங்கிலம். தேய்மானம் என்று பள்ளியில் படித்ததும் 'டிப்ரிசியேஷன்' என்று இங்கே வருவதும் ஒன்றுதான் என்றே அவளுக்கு முதல் மாதம் தெரியவில்லை. இப்போது ராத்திரி கைபேசியிடம் தமிழில் கேட்கிறாள். ஒரு கணக்கை மூன்று முறை கேட்டாலும் அது முகம் சுளிக்காமல் சொல்கிறது. வகுப்பில் கை தூக்கிக் கேட்கக் கூச்சப்படுகிறவள் அங்கே கேட்கிறாள். டியூஷன் வைக்க வசதியில்லாத வீட்டில் இது சின்ன விஷயமா? பார்வையற்ற மாணவர்கள், பாடநூல் பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். முன்பு அதற்கு ஒரு நண்பனின் நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். இவர்களிடமிருந்து எதைப் பிடுங்குவது?

ஆனால் நம்பிக்கையோடு கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கவும் முடியாது. புறநானூற்றில் 400 பாடல். அவற்றில் 267, 268 இரண்டும் நமக்குக் கிடைக்கவில்லை. உ.வே.சா. தேடிய ஏடுகளிலேயே இல்லாமல் போனவை. ஒரு நாள் வகுப்பில், எல்லோரும் கைபேசியை எடுங்கள் என்றேன். (நம்ப முடியாமல் பார்த்தார்கள்.) புறநானூறு 267-ஆம் பாடலின் கருத்தையும் பாடியவரையும் கேட்கச் சொன்னேன். ஒன்றிரண்டு கைபேசி, இந்தப் பாடல் கிடைக்கவில்லை என்று நேர்மையாகச் சொன்னது. மற்றவை பாடத் தொடங்கிவிட்டன. ஒன்றில் அவ்வையார், ஒன்றில் கபிலர். திணை வாகை என்றது ஒன்று, பொதுவியல் என்றது இன்னொன்று. ஒரு பையனின் கைபேசி இரண்டு வரிப் பாடலே கட்டிக் கொடுத்தது. ஓசை பரவாயில்லை, சங்கத் தமிழ்போலவேகூட இருந்தது. இல்லாத பாடலுக்கு உரை, நயம், வாழ்வியல் பெட்டகம் எல்லாம் தயார். வகுப்பு சிரித்து அடங்கியதும் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அப்ப நேத்து 192-க்கு இது சொன்னதும் பொய்யா இருக்குமோம்மா?" நூலகத்தில் போய்ப் பார் என்றேன். போனாள். அவளோடு இன்னும் நாலு பேர் போனார்கள். நூலகர், தமிழ் அலமாரிப் பக்கம் ஆள் வந்ததே அதிசயம் என்று என்னிடம் சொன்னார். அடுத்த ஆண்டு இந்தக் கருவிகள் 267-க்குச் சரியாகவே பதில் சொல்லக்கூடும். அப்போது வேறு கேள்வி தேட வேண்டியதுதான். கேட்டுச் சரிபார்க்கிற பழக்கம் பிள்ளைக்கு வந்ததா என்பதுதான் எனக்கு முக்கியம்.

இனி நான் கேட்பதற்கு வருகிறேன்.

அசைன்மென்ட்டுக்கான ஐந்து மதிப்பெண்ணைத் தாளுக்குக் கொடுக்காமல், தாளைப் பற்றிய பேச்சுக்குக் கொடுக்க எங்களை அனுமதியுங்கள். பிள்ளை எப்படி வேண்டுமானாலும் எழுதி வரட்டும்: நூல் பார்த்தோ, நண்பனைக் கேட்டோ, ஏஐயிடம் கேட்டோ. எதைப் பயன்படுத்தினேன் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதட்டும். பிறகு என் முன்னே உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசட்டும். தாள் மேசையில் இருக்கும், அதிலிருந்தே கேட்பேன். இந்த வரியில் நீ எழுதியிருப்பதற்கு என்ன பொருள், இந்தப் பாடலில் உனக்கு ஒட்டாதது எது, அவ்வளவுதான் கேள்வி.

ஒரு வகுப்பில் செய்து பார்த்தேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். புறநானூறு 312-ஐப் பற்றி ஒரு கணித மாணவி எழுதியிருந்தாள். ஈன்று புறந்தருதல் தாயின் கடன், சான்றோன் ஆக்குதல் தந்தையின் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன் என்று வரிசையாகச் சொல்லும் பாட்டு. தாளில், 'சங்ககாலச் சமூகத்தின் பொறுப்புணர்வைப் பறைசாற்றுகிறது' என்று இருந்தது. பறைசாற்றுவது இருக்கட்டும், உனக்கு என்ன தோன்றியது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "எல்லாருக்கும் ஒரு கடன் சொல்லியிருக்கும்மா. அம்மாவுக்கு, அப்பாவுக்கு, கொல்லனுக்கு, ராஜாவுக்கு, பையனுக்கு. பொண்ணு பொறந்தா யாருக்கு என்ன கடன்னு சொல்லவே இல்லையே. பாடினது பொம்பளைங்களா?" பொன்முடியார் என்ற பெண்பாற் புலவர் என்றேன். "அப்படின்னா இன்னும் மோசம்மா," என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்கு நான் கொடுத்த ஐந்து மதிப்பெண் குறைவுதான். அதே நாளில், தாளில் கையெழுத்து மணிமணியாக இருந்த மூன்று பேருக்கு, எழுதியது எந்தப் பாடல் என்றே சொல்ல வரவில்லை. அவர்கள் மீது எந்தக் குற்றச்சாட்டும் வைக்கவில்லை. இன்னொரு வாரம் கொடுத்தேன், படித்துவிட்டு வந்தார்கள், ஓரளவு பேசினார்கள். யார் எழுதியது என்ற விசாரணையே தேவைப்படவில்லை.

இதற்கு நேரம் வேண்டும். கணக்கைப் பாருங்கள். அறுபது பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு வகுப்புக்கு 5 மணி நேரம். நான்கு வகுப்பு எடுக்கிற ஆசிரியருக்கு 20 மணி நேரம். உதவிப் பேராசிரியருக்கு மானியக் குழு சொல்லும் வாரப் பாடவேளை 16 மணி. ஆக ஒரு பருவத்துக்கு ஒன்றேகால் வாரப் பாடவேளை. ஒரு பருவத்தின் 90 வேலை நாளில் அது பெரிய தொகை அல்ல. ஆனால் கால அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை என்றால் யாரும் செய்யமாட்டார்கள். தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் கௌரவ விரிவுரையாளர்களிடம், இதையும் சும்மா செய்யுங்கள் என்று சொல்வது நியாயமும் இல்லை. பாடவேளைக் கணக்கில் சேர்த்து எழுதுங்கள். அது உங்கள் கையெழுத்தால் ஆகிற காரியம்.

உங்களில் சிலர் உடனே ஒன்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும்: வாய்மொழி என்றால் ஆசிரியர் வைத்ததுதானே சட்டம்? உண்மை. 'இன்டர்னல்ல கை வச்சுடுவேன்' என்ற மிரட்டல் நம் கல்லூரிகளில் புதிதல்ல. பிடிக்காத பிள்ளை, கேள்வி கேட்கிற பிள்ளை, ஆசிரியரின் சாதிக் கண்ணுக்கு உறுத்துகிற பிள்ளை என்று அந்த 25 மதிப்பெண் எத்தனையோ பேரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறது. எழுத்துத் தாளாவது சாட்சியாக இருக்கும். பேச்சுக்கு என்ன சாட்சி? நான் செய்து பார்த்தது இது: கேட்ட கேள்வியையும் தான் சொன்ன பதிலின் சுருக்கத்தையும் மாணவரே அங்கேயே அரைத் தாளில் எழுதிக் கையொப்பம் இடுவார். மதிப்பெண்ணை அதிலேயே அவர் கண் முன்னால் போடுவேன். அந்தச் சீட்டு தாளோடு சேர்த்துக் கோப்புக்குப் போகும். குறை என்றால் துறைத் தலைவர் இன்னோர் ஆசிரியரை வைத்து மறுபடி கேட்கலாம். இதைவிட நல்ல ஏற்பாடு உங்களிடம் இருந்தால் அதையே விதியாக்குங்கள். தரமதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டவும் ஒரு தாள் இருக்கும், அந்தக் கவலையும் தீர்ந்தது.

பேச வராத பிள்ளைகள் உண்டு: திக்குவாய் உள்ளவர்கள், செவித்திறன் குறைந்தவர்கள், வாய் திறக்கவே அஞ்சுகிறவர்கள். அவர்களுக்கு வகுப்பிலேயே உட்கார்ந்து இருபது நிமிடம் எழுதும் வாய்ப்பைத் தரலாம். அதையும் விதியில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் எந்தக் கல்லூரியும் மறுக்க முடியாது.

எல்லாப் பாடத்துக்கும் இதே முறை பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆய்வகப் பாடங்களுக்கு வேறு வழி இருக்கும், நிரல் எழுதும் பாடங்களுக்கு வேறு. அந்தத் துறைக்காரர்களைக் கேளுங்கள். சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்திருக்கிறது. ஒன்றில் ஆசிரியர் கண் முன்னால் நடக்கும் தேர்வும் வாய்மொழியும். மற்றொன்றில் ஏஐ உட்பட எதையும் பயன்படுத்தி எழுதலாம். அவர்களுக்கு இருக்கும் ஆள்பலமும் பணமும் நமக்கு இல்லை என்பது தெரியும். ஆனால் எங்கே காவல் வைக்க முடியாதோ அங்கே காவல் வைப்பதுபோல் நடிக்கவில்லை பாருங்கள், அதை நாமும் செய்யலாம். அதற்குக் காசு வேண்டாம்.

சுற்றறிக்கையை முழுதாகத் திரும்பப் பெறுவது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், ஒரு திருத்தமாவது போடுங்கள்: ஏஐ கண்டறியும் தளம் தரும் சதவீதத்தை மட்டும் வைத்து எந்த மாணவரின் மதிப்பெண்ணையும் குறைக்கக் கூடாது. இது ஒரே வாக்கியம். கல்விப் பேரவை கூடும் வரை காத்திருக்காமல் துணைவேந்தர் உத்தரவாகவே வரலாம்.

இந்தப் பருவ அகமதிப்பீட்டு மதிப்பெண்களைப் பதிவேற்றும் தேதி நெருங்குகிறது. என் மேசையில் இப்போது நான்கு வகுப்புத் தாள்களும், அவற்றோடு ஜெராக்ஸ் கடையின் கலர் அறிக்கைகளும் இருக்கின்றன. தாள்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அறிக்கைகளில் கையொப்பம் இடவில்லை, இடப்போவதும் இல்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துப் பேசித்தான் மதிப்பெண் போடுகிறேன். இதற்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தால், இந்த மடலையே என் விளக்கமாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு அழைத்தால் நேரில் வருகிறேன். முடிந்தால் அந்தக் கணித மாணவியையும் அழைத்து வருகிறேன். உங்களிடம் கேட்க அவளிடம் கேள்விகள் இருக்கும்.

இப்படிக்கு,
அரசு கலை அறிவியல் கல்லூரித் தமிழாசிரியை ஒருவர்